மலைக்கோட்டை மெட்டும் முப்பது டாலர் பீட்டும்

பாட்டை வித்துப் பொழைக்க முடியுமா? திருச்சிக்கு இந்தக் கேள்வி ஒண்ணும் புதுசில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் நம்ம ஊர்க்காரங்க இதைக் கேட்டிருக்காங்க. கோயில் மானியம், சபா, நாடகக் கொட்டகை, கிராமபோன் தட்டு, ரேடியோ, சினிமா, கேசட்னு ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு பதில். இப்போதைய பதில் இன்டர்நெட்.

திடீர்னு இந்த ஆராய்ச்சி எதுக்குன்னா, காலேஜ்ல என்கூட படிச்ச நண்பன் ஒருத்தன். ஸ்ரீரங்கத்துல சித்திரை வீதி வீட்டு மாடி ரூம்ல உக்காந்து, பகல்ல கம்பெனிக்குக் கோட் எழுதுறான், ராத்திரியில பீட் போடுறான். பீட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பாடுறவன் குரல் மட்டும் இல்லாத முழுப் பாட்டு. டிரம்ஸ், பேஸ், மெட்டு எல்லாம் ரெடியா இருக்கும். எங்கேயோ அட்லாண்டாவுலயோ லண்டன்லயோ இருக்கற ராப் பாடகன் அதைக் காசு கொடுத்து டவுன்லோடு பண்ணி மேல பாடிக்குவான். நம்மாளு தவில் சத்தத்தை வெட்டி ஒட்டி ஒரு பீட் போட்டான், அது நாலஞ்சு பேருக்கு வித்துச்சு. அன்னிக்கு ராத்திரியே போன். "மாப்ள, வேலையை விட்டுடலாமான்னு பாக்குறேன். நீ என்ன சொல்ற?"

நான் என்ன சொல்ல? எனக்கு சங்கீதமும் தெரியாது, பிசினஸும் தெரியாது. தெரிஞ்சதெல்லாம் பழைய கதைதான். அதனால இதே ஊர்ல இதே கேள்வியைச் சந்திச்சவங்க என்ன பண்ணாங்கன்னு பார்க்க ஆரம்பிச்சேன். இந்தப் பதிவு அதோட சுருக்கம்.

கோயில் காலம்

முதல்ல ஸ்ரீரங்கம். நாலாயிரத்துக்கு இசை அமைச்சவர் நாதமுனிகள்னு வைணவ மரபு சொல்லுது. அந்த வழியில் வந்த அரையர்கள் இன்னிக்கும் மார்கழியில பகல் பத்து, ராப் பத்து நாட்கள்ல கையில் தாளத்தோட பாடி அபிநயிக்கறாங்க. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒண்ணு (1088) ஸ்ரீரங்கம் கோயில்ல இருக்கு. திருவிழா இரவுகள்ல குலசேகராழ்வார் பதிகம் பாட ஏற்பாடு செஞ்ச விவரம் அதுல வருது. அதாவது, பாட்டுக்குப் பின்னால ஒரு நிதி ஏற்பாடு வேணும்ங்கறது தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தியே நம்மாளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பாடுறவர் கேட்கறவங்ககிட்ட காசு வாங்க வேண்டியதில்லை, நிலமும் பொன்னும் கொடுத்தவர் கணக்குல அது ஓடும். ஒரே சிக்கல், அது பரம்பரை உரிமை. வெளியாள் உள்ளே நுழைய வழி கிடையாது.

இன்னொரு விஷயமும் கவனிக்கணும். பீட் விக்கறவங்க எல்லாரும் பாட்டோட ஆரம்பத்துல தன் பேரை ஒரு குரலாப் பதிஞ்சு வைப்பாங்க, திருட்டைத் தடுக்க. டேக்னு பேரு. ஆழ்வார் பாசுரங்கள்ல பதிகத்தோட கடைசிப் பாட்டைப் பாருங்க. பாடினவர் பேரும் அவர் ஊர்ப் பேரும் அங்கேயே வந்துடும். கீர்த்தனைகள்ல வர்ற முத்திரையும் இதே வேலையைத்தான் செய்யுது. 1902-ல கல்கத்தாவுல கிராமபோன் கம்பெனிக்காக ஃப்ரெட் கைஸ்பர்க் வந்து பதிவு செஞ்சப்போ, பாடகி கௌஹர் ஜான் ஒவ்வொரு பாட்டு முடிவிலும் தன் பேரை இங்கிலீஷ்ல சொல்லுவாங்க. தட்டு அச்சடிச்சது ஜெர்மனியில ஹானோவர் நகரத்துல. அங்க இருக்கறவனுக்கு எது யார் பாட்டுன்னு தெரியணுமே! ஆக, டேக் போடறது அமெரிக்காக்காரன் கண்டுபிடிப்புன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க :-)

ரயில்வே சம்பளமும் சபாவும்

அடுத்து 1914. திருச்சியில ரசிக ரஞ்சனி சபா பிறக்குது. பின்னால இருந்தவர் எஃப்.ஜி.நடேச ஐயர், ரயில்வே அதிகாரி. அவருக்கே மேடைப் பைத்தியம் உண்டு, நடிப்பார். இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. திருச்சியோட கலைக்கு ஒரு பெரிய முதலீடு ரயில்வே சம்பளம். மாசா மாசம் ஒண்ணாந்தேதி சம்பளம் வாங்குறவர் ஒருத்தர் இருந்ததாலதான் சபா நடந்துச்சு, நாடகம் நடந்துச்சு. வேலையை விடலாமான்னு கேக்குறவங்க இதை மனசுல வெச்சுக்கணும். சம்பளம் கலைக்கு எதிரின்னு நம்ம ஊர்ச் சரித்திரம் சொல்லலை.

அந்த நடேச ஐயர் கண்ணுல பட்ட பையன்தான் எம்.கே.தியாகராஜன். 1910-ல மாயவரத்துல பிறந்து திருச்சியில வளர்ந்தவர். பத்து வயசு வாக்குல 'ஹரிச்சந்திரா' நாடகத்துல லோகிதாசனா மேடை ஏறினார். அப்புறம் 'பவளக்கொடி' நாடகம், 1934-ல அதே கதை சினிமாவா வந்தப்போ முதல் படம். அப்புறம் நடந்தது உங்க தாத்தா பாட்டிக்கே தெரியும்.

ஜெயிலுக்குப் போகாத குரல்

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்தது. மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பார்த்த படம். அந்த வருஷம் நவம்பர்ல லட்சுமிகாந்தன் கொலை, டிசம்பர்ல பாகவதர் கைது. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் வழக்கு போய், 1947 ஏப்ரல்லதான் வெளியே வந்தார். இதை யோசிச்சுப் பாருங்க. ஆள் உள்ளே இருக்கார். அவர் குரல் பிராட்வேயில தினமும் பாடிக்கிட்டிருக்கு, ஊர் ஊரா கிராமபோன்ல சுத்திக்கிட்டிருக்கு. தட்டுக்கு ஜெயில் கிடையாது.

பாகவதர் வெளியே வந்தப்போ காலம் மாறியிருந்தது. பிறகு எடுத்த படங்கள் பழைய மாதிரி ஓடலை. 1959-ல காலமானார். அவர் கதையை எல்லாரும் விதியோட விளையாட்டுன்னு சொல்லுவாங்க. எனக்கு அதுல ஒரு கணக்குப் பாடம் தெரியுது. உடம்பு மேடை ஏறினாத்தான் காசுங்கற வரைக்கும் உடம்பு நின்னா வருமானமும் நின்னுடும். பதிவான பாட்டு மட்டும் நிக்காம ஓடும். அப்போ அது ஓடுற காசு யாருக்குப் போகணும்? இந்தக் கேள்வியைச் சட்டம் சரியாக் கேக்கவே இன்னும் ரொம்ப வருஷம் ஆச்சு.

ஐநூறு ரூபாய்

'ஹரிதாஸ்' இசையில பாபநாசம் சிவனோட சேர்ந்து இருந்தவர் ஜி.ராமநாதன். ஸ்ரீரங்கத்துல இருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினா பிச்சாண்டார்கோயில். அந்த ஊர்க்காரர். அண்ணன் சுந்தர பாகவதரோட கதாகாலட்சேபத்துக்கு ஆர்மோனியம் வாசிச்சு வளர்ந்தவர். 'மந்திரி குமாரி' (1950), 'அம்பிகாபதி' (1957), 'உத்தம புத்திரன்' (1958), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959)னு வரிசையாச் சொல்லலாம். இன்னிக்கு மியூசிக் புரொட்யூசர்னு சொல்றோமே, அந்த அர்த்தத்துல நம்ம ஊரோட முதல் பெரிய ஆள் இவர்தான்னு நான் சொல்லுவேன்.

'மந்திரி குமாரி'யில அந்தப் பிரபலமான மலை உச்சிப் பாட்டைப் பாடினவர் திருச்சி லோகநாதன். 1924-ல திருச்சியில பிறந்தவர். 1954-ல 'தூக்குத் தூக்கி' படத்துக்கு அவரைக் கூப்பிட்டாங்க. இது சினிமா இசை ஆட்கள் திரும்பத் திரும்பச் சொல்ற கதை: பாட்டுக்கு 500 ரூபாய்னு லோகநாதன் சொன்னார், குறைச்சுக்கச் சொன்னாங்க, முடியாதுன்னுட்டார். சும்மா எழுந்து போகாம, மதுரைப் பையன் ஒருத்தன் நல்லாப் பாடறான், அவனை வெச்சுப் பாட வையுங்கன்னும் சொல்லிட்டுப் போனாராம். அந்த மதுரைக்காரர்தான் டி.எம்.சௌந்தரராஜன். படத்துல சிவாஜிக்கு அவர் குரல் ஒட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல அந்தக் குரலை யாரும் பிரிக்க முடியலை.

கவனிச்சீங்களா? இசை பிச்சாண்டார்கோயில்காரர். ஹீரோ சங்கிலியாண்டபுரத்துல வளர்ந்த சிவாஜி. பாட மறுத்தவர் மலைக்கோட்டைக்காரர். ஒரே படத்துல மூணு திருச்சி, ஜாக்பாட் மட்டும் மதுரைக்கு :-)

லோகநாதன் பண்ணினது தப்பா? பல பேர் "அடடா, 500 ரூபாய்ல போச்சே"ன்னு உச்சுக் கொட்டுவாங்க. எனக்கு அப்படித் தோணலை. தன் வேலைக்கு ஒரு விலை வெச்சார், அந்த விலைக்குக் கீழ இறங்கலை. போட்டிக்கு வர்றவன் வயித்துல அடிக்கவும் இல்லை. ஆனா இதுல ஒளிஞ்சிருக்கற விஷயம் வேற. அவர் ஒத்துக்கிட்டிருந்தாலும் கிடைச்சிருக்கப் போறது ஒரு தடவைப் பணம். பாட்டு அறுபது வருஷம் ரேடியோவுல ஓடினாலும் அதே ஒரு தடவைப் பணம்தான். ஆகவே பேரம் முழுக்க அந்த ஒரே ஒரு நாள்லயே நடந்து முடிஞ்சாகணும். கையெழுத்துப் போட்ட பிறகு பாட்டு உன்னுது இல்லை.

ரேடியோவும் ஒரு போஸ்ட் கார்டும்

1939 மே 16-ல திருச்சி வானொலி நிலையம் தொடங்குது. மெட்ராஸ் நிலையம் வந்து ஒரு வருஷம்கூட முழுசா ஆகலை, அதுக்குள்ள திருச்சிக்கு. காவிரிக் கரை வித்வான்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு இப்போ நமக்குப் புரியாது. அரசாங்கம் செக் போட்டு சன்மானம் தருது! பின்னால ஆடிஷன், கிரேடு முறை வந்தது. பி, பி ஹை, ஏ, ஏ டாப். எங்க பாட்டிங்க காலத்துல "ரேடியோவுல பாடறவர்"னா அதுக்கு மேல சர்டிபிகேட் வேண்டாம். ஆனா அதுவும் நிகழ்ச்சிக்கு இவ்வளவுங்கற கணக்குதான். அதோட, வாசல்ல ஒருத்தர் உக்காந்திருப்பார், அவர் மார்க் போட்டாத்தான் உள்ளே.

அந்த வாசல் வழியா நுழைஞ்ச ஸ்ரீரங்கத்துப் பையன் டி.எஸ்.ரங்கராஜன். 1931-ல திருப்பராய்த்துறையில பிறந்து ஸ்ரீரங்கத்துல வளர்ந்தவர். நல்லாப் படம் வரைவார். ஓவியர் மாலி மாதிரி வரணும்னு ஒரு நண்பர் வெச்ச பேர் வாலி. நண்பர்களோட 'நேதாஜி'ன்னு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். முதல் பிரதியை வெளியிட்டவர் கல்கி. அந்தப் பத்திரிகை பக்கம் சுத்திக்கிட்டிருந்த இன்னொரு ரங்கராஜன்தான் நம்ம சுஜாதா. வெளியீட்டுக்கு வந்திருந்த வானொலி அதிகாரி மூலமா வாலிக்குத் திருச்சி ரேடியோவுல எழுத வாய்ப்பு வந்தது.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஸ்ரீரங்கத்துல இருந்துக்கிட்டே முருகன் மேல ஒரு பாட்டு எழுதி, அதை ஒரு போஸ்ட் கார்டுல டி.எம்.எஸ்ஸுக்கு அனுப்பினார் வாலி. டி.எம்.எஸ். தானே மெட்டுப் போட்டுப் பாடினார். 'கற்பனை என்றாலும்'னு தொடங்குற அந்தப் பாட்டை இன்னிக்கும் முருகன் கோயில் ஸ்பீக்கர்ல கேக்கலாம். சினிமாப் பாட்டு இல்லை, தனிப் பாட்டு. ஆளைப் பார்க்கலை, ஸ்டூடியோ வாசல்ல நிக்கலை. வேலையை அனுப்பினார், அது பிடிச்சுப் போச்சு, உலகத்துக்குப் போச்சு. என் நண்பன் பண்றதும் இதேதானே? போஸ்ட் கார்டுக்குப் பதிலா எம்பி3.

ஆனா போஸ்ட் கார்டால வாலிக்குக் கிடைச்சது அறிமுகம். பிழைப்பு இல்லை. பிழைப்புக்கு மெட்ராஸ் போயித்தான் ஆகணும். போனார். 1950-களோட கடைசியில முதல் படம், அப்புறம் வருஷக்கணக்கா வாய்ப்பில்லாத பட்டினிக் காலம். தி.நகர் கிளப் ஹவுஸ்ல நாகேஷ் மாதிரி ஆட்களோட ரூம் வாசம். ஒரு கட்டத்துல எல்லாத்தையும் விட்டுட்டு ஊரைப் பார்க்கக் கிளம்பத் தயாரானவர், கண்ணதாசனோட ஒரு பாட்டை பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிக் காட்டக் கேட்டு மனசு மாறினதா அவரே பல மேடைகள்ல சொல்லியிருக்கார். 1963-ல 'கற்பகம்' வந்த பிறகுதான் நிலைச்சார். திறமை இருந்தும் இத்தனை வருஷம். "ஒரு பீட் நாலு பேர் வாங்கிட்டான், வேலையை விடுறேன்"ங்கறவங்க இந்த வருஷக் கணக்கை ஒரு தடவை எண்ணிப் பார்க்கணும்.

பாட்டு யாருடையது?

இப்போ கொஞ்சம் சட்டம். போரடிக்காது, ரெண்டே பாரா.

நம்ம காப்புரிமைச் சட்டம் 1957-ல வந்தது. சினிமாவுக்காகக் காசு வாங்கிக்கிட்டு மெட்டுப் போட்டா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல அது தயாரிப்பாளருக்குச் சொந்தம்னு 1977-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கலைஞர்கள் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். தோத்த வழக்கு அது. அதே தீர்ப்புல நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தனியா ஒரு குறிப்பு எழுதி, பாடுறவனுக்கு நம்ம சட்டத்துல எந்தப் பாதுகாப்பும் இல்லையேன்னு ஆதங்கப்பட்டார். பாடகர்களுக்கு நிகழ்த்துவோர் உரிமைன்னு ஒண்ணு வந்தது 1994-ல. லோகநாதன் 1989-லயே போயிட்டார்.

பெரிய மாற்றம் 2012 திருத்தம். ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில நின்னு போராடினது. பாட்டெழுதினவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டி பங்கை வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேற யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் செல்லாது. தியேட்டர்ல படத்தோட ஓடுறதுக்கு இது பொருந்தாது, மத்த எல்லாப் பயன்பாட்டுக்கும் உண்டு. சினிமா இல்லாத தனிப் பாட்டுக்கும் உண்டு. வாலி 2013 ஜூலையில காலமானார். ஆயிரக்கணக்கான பாட்டு எழுதின மனுஷன், "எழுதினவனுக்குப் பங்கு உண்டு"ன்னு சட்டம் சொன்ன பிறகு ஒரே ஒரு வருஷம்தான் இருந்தார். 2017-ல இளையராஜா எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பினப்போ டீக்கடை வரைக்கும் சண்டை நடந்ததே, அதுக்குப் பின்னாலயும் இந்தக் கேள்விதான். பாடினவர் ஒருத்தர், போட்டவர் ஒருத்தர், காசு போட்டவர் ஒருத்தர். பாட்டு யாருது?

முப்பது டாலர்

சரி, திரும்ப மாடி ரூமுக்கு வருவோம். பீட் வியாபாரத்துல ரெண்டு வகை விற்பனை. ஒண்ணு லீஸ். முப்பது டாலர் மாதிரி சின்னத் தொகை, ஆனா ஒரே பீட்டை எத்தனை பேருக்கு வேணும்னாலும் வாடகைக்கு விடலாம், சொந்தம் உன்கிட்டயே இருக்கும். இன்னொண்ணு எக்ஸ்க்ளூசிவ். பெரிய தொகை, ஆனா ஒரே ஆளுக்கு, அதுக்கப்புறம் வேற யாருக்கும் தரக்கூடாது.

உலகத்துலயே பிரபலமான லீஸ் கதை 'ஓல்ட் டவுன் ரோடு'. நெதர்லாந்துல ஒரு பையன், யங்கியோன்னு பேர் வெச்சுக்கிட்டவன், நைன் இன்ச் நெயில்ஸ் குழுவோட ஒரு பழைய டிராக்கை வெட்டி பீட் போட்டு பீட்ஸ்டார்ஸ் தளத்துல வெச்சான். லில் நாஸ் எக்ஸ் அதை 30 டாலருக்கு வாங்கினார். 2019-ல அந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியல்ல 19 வாரம் முதல் இடம். அப்போதான் பேப்பர் வேலை ஆரம்பிச்சது. யங்கியோவுக்கு புரொட்யூசர் பேர் கிடைச்சது, பழைய டிராக் போட்ட ட்ரென்ட் ரெஸ்னருக்கும் அட்டிகஸ் ராஸுக்கும் பேரும் பங்கும் போச்சு. முப்பது டாலரோட யங்கியோ கதை முடியாததுக்குக் காரணம் அவர் அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. பீட்டைப் போட்டவனுக்குப் பாட்டுல பங்கு உண்டுங்கற வழக்கம் அங்க இருந்தது. லோகநாதன் காலத்து கோடம்பாக்கத்துல இல்லாதது அந்த ஒண்ணுதான்.

இதெல்லாம் படிச்சிட்டு நண்பன்கிட்ட நான் சொன்னது மூணு விஷயம்.

முதல்ல, நடேச ஐயர் பாடம். சம்பளம் இருக்கட்டும். முப்பது டாலர்னா ரெண்டாயிரத்து ஐநூறு ரூபாய் சொச்சம். தளத்துக்குக் கமிஷன், பேங்குக்குக் கமிஷன் போக மிச்சத்தை உன் சம்பளத்தோட ஒப்பிட்டு, மாசத்துக்கு எத்தனை லீஸ் போகணும்னு நீயே வகுத்துப் பாரு. ஒரு மாசம் இல்லை, பன்னெண்டு மாசம் தொடர்ந்து அந்த எண்ணிக்கை வந்தா அப்புறம் பேசலாம்.

ரெண்டாவது, லோகநாதன் பாடம். உனக்குன்னு ஒரு விலை வை, அதுக்குக் கீழ இறங்காதே. ஆனா எக்ஸ்க்ளூசிவ்னு கேட்டு வர்றவன்கிட்ட காசை மட்டும் பேசாதே. எழுதினவர் பங்கு எவ்வளவு, பேர் எங்க வரும்னு பேப்பர்ல வாங்கு. இசையமைப்பாளரா ஐ.பி.ஆர்.எஸ்.ல உறுப்பினர் ஆகு. சினிமாக்காரனாத்தான் இருக்கணும்னு அங்க இல்லை.

மூணாவது, வாலி பாடம். போஸ்ட் கார்டு போடறதை நிறுத்தாதே. அது அறிமுகம்தான், ஆனா அறிமுகம் இல்லாம எதுவும் இல்லை. அவருக்கு ரயிலேற வேண்டியிருந்தது, உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவ்வளவு தூரம் காலம் மாறியிருக்கு.

"பாகவதர் பாடம் எங்கடா?"ன்னு கேட்டான். அதை அவனுக்குச் சொல்லித்தான் தெரியணுமா? மாடி ரூம்ல தூங்கிக்கிட்டிருக்கும்போது அட்லாண்டாவுல ஒருத்தன் அவன் பீட்டை வாங்கறான். உடம்பு ஓய்வெடுக்கும்போதும் பாட்டு சம்பாதிக்குது. பாகவதர் தலைமுறைக்குக் கிடைக்காத அந்த ஒரு வசதிக்காகவே, வேலையை விட்டாலும் விடாட்டியும் பீட் போடறதை மட்டும் விடக்கூடாதுன்னு நினைக்கிறேன்.

கொசுறு: நம்ம சட்டப்படி மெட்டுக்குக் காப்புரிமை, போட்டவர் இறந்த பிறகு 60 வருஷம். ஜி.ராமநாதன் காலமானது 1963-ல. அப்போ 2023 டிசம்பரோட அவர் மெட்டுகளுக்கான காலம் முடிஞ்சாச்சு. பாட்டு வரிகளுக்கு வேற கணக்கு. பாபநாசம் சிவன் 1973-ல போனவர், அவர் எழுதினதுக்கு 2033 வரைக்கும் பாதுகாப்பு உண்டு. அதனால வரியைத் தொடாம, மெட்டை மட்டும் எடுத்து, நம்ம நாட்டுச் சட்டப்படி தவிலோட ஒரு பீட் போடலாம். பிச்சாண்டார்கோயில் மெட்டு, ஸ்ரீரங்கத்து மாடி ரூம், நடுவுல கொள்ளிடம் மட்டும்தான். யாராச்சும் போடுங்கப்பா. டேக்ல அவர் பேரையும் சேர்த்துப் போட்டா சந்தோஷப்படுவேன்.